கடலரசன் மகனும் தேவனாம்பட்டினமும்

கடவுள் பொறுப்பில்லாத அப்பாவாக இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? ரிக் ரியார்டன் எழுதிய முதல் பெர்சி ஜாக்சன் நாவல், ‘தி லைட்னிங் தீஃப்’, இந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது. வாள் சண்டை, காளைத்தலை அரக்கன், பாதாளப் பயணம் எல்லாம் இருக்கின்றன. அவற்றை எந்தப் புத்தகத்திலும் போட்டுவிடலாம்.

இப்போது இதை எழுதக் காரணம், கடலூர்ப் பெற்றோர்கள் சிலர் இருக்கும் குழுவில் வந்த ஒரு கேள்வி. “நம்ம புராணமே இவ்வளவு கொட்டிக் கிடக்கும்போது பிள்ளைங்க எதுக்குக் கிரேக்க சாமிக் கதையைப் படிக்கணும்?” உடனே கைதட்டல் படங்கள் குவிந்தன. கேட்டவர் நல்ல மனிதர், புத்தகம் வாங்கிக் கொடுக்கிறவர். அதனால் அங்கே ஒரு வரியில் பதில் சொல்லாமல் இங்கே நீட்டி எழுதுகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதை சுருக்கமாக. பெர்சிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருக்கிறான். அம்மா நல்லவள், வீட்டில் இருக்கும் மாற்றாந்தகப்பன் மோசமானவன். கிரேக்கக் கடவுள்கள் இப்போது அமெரிக்காவில் குடியிருக்கிறார்கள், தன் அப்பா கடல் கடவுள் பொசைடன் என்று அவனுக்குத் தெரியவருகிறது. ஒலிம்பஸ் மலை நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆவது மாடி. பார்த்தவரைக் கல்லாக்கும் மெதுசா நியூஜெர்சி சாலையோரம் தோட்டச் சிலை விற்கிறாள். (சிலைகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே புத்தகத்துக்குக் காசு கொடுக்கலாம்.) கடவுள்களின் அரசன் சூஸின் இடியாயுதம் காணாமல் போகிறது, பழி பெர்சி மேல் விழுகிறது, அதைத் தேடிப் போகிறான்.

என்னை நிறுத்திய இடம் வேறு. கடவுளுக்கும் மனிதருக்கும் பிறந்த பிள்ளைகள் தங்கும் ஒரு முகாம் உண்டு. ஒவ்வொரு கடவுளின் பிள்ளைகளுக்கும் தனிக் குடில். எந்தக் கடவுளும் ‘இது என் பிள்ளை’ என்று ஒப்புக்கொள்ளாத குழந்தைகளை ஹெர்மிஸ் குடிலில் போடுகிறார்கள். பயணிகளின் கடவுள் என்பதால் அவர் குடிலில் யாருக்கும் இடம் உண்டு. தரையில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டு, அப்பாவோ அம்மாவோ ஏதாவது அடையாளம் காட்டமாட்டார்களா என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சிறுவர் கதையில் இப்படி ஒரு இடத்தை வைக்கத் துணிச்சல் வேண்டும். இடியைத் திருடியவனும் அந்தக் குடிலில் வளர்ந்தவன்தான், ஹெர்மிஸின் சொந்த மகன். (புத்தகம் வந்து இருபது வருடம் ஆயிற்று, சொல்வதில் தப்பில்லை.) அவனைத் திருட வைத்தது அப்பாமேல் இருந்த கோபம். பெர்சியும் கடைசியில் பொசைடனைப் பார்க்கிறான். கட்டிப்பிடித்து அழும் காட்சி ஒன்றும் கிடையாது. நீ பிறந்ததற்காக வருந்துகிறேன் என்கிற பொருளில் பேசுகிறார் அப்பா.

இது நமக்குப் புதிதா என்றால், இல்லை. சூரியனுக்குப் பிறந்து ஆற்றில் விடப்பட்ட கர்ணன் யார்? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய ‘கர்ண மோட்சம்’ கூத்து நடக்கும். போருக்குப் புறப்படுகிறவனிடம் மனைவி பொன்னுருவி பேசும் பேச்சில் முன்வரிசைக் கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள். அதே மேடையில் கூத்துக் கோமாளி கட்டியக்காரன் ராஜாவையும் விடமாட்டான், சாமியையும் விடமாட்டான்.

ஆனால் குழந்தைகளுக்கென்று அச்சில் வரும்போது என்ன ஆகிறது? கர்ணன் வள்ளலாகிவிடுகிறான். கொடுத்தான், கொடுத்தான், செத்தான், நீதி: தானம் செய். அவன் கோபத்தைக் கத்தரித்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் தருகிறோம். அப்புறம் பையன் பெர்சியைத் தூக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் நமக்கு வருத்தம்.

கிரேக்க சாமிகளுக்கு இன்று கோயில் இல்லை, திருவிழா இல்லை, அதனால் ரியார்டன் இஷ்டப்படி எழுதலாம், நாம் கும்பிடுகிற சாமியை அப்படி எழுத முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திருவெண்ணெய்நல்லூர் எங்களுக்குத் தூரமில்லை. கல்யாணத்தை நிறுத்த வந்த கிழவரைச் சுந்தரர் ‘பித்தா’ என்று திட்டினார். சாமி கோபித்துக்கொள்ளவில்லை, அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்றார். திருவதிகைப் பக்கம் சித்தவட மடத்தில் தூங்கும்போது ஒரு கிழவரின் கால் சுந்தரர் தலையில் படுகிறது. இவர் நகர்ந்து படுக்கிறார், கால் மறுபடி வருகிறது. ‘யாரய்யா நீ’ என்று எரிச்சலாகக் கேட்கிறார். பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், உருண்டு சிரிக்கும். சாமியோடு சண்டை போடும் உரிமை நம் பக்தியிலேயே இருக்கிறது. எழுதுகிறவர்கள்தான் பயப்படுகிறார்கள்.

தமிழில் இப்படி ஒரு சிறுவர் நாவல் வந்தால் அது கடலூரில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. ஊர்ப்பாசம் கொஞ்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே இருக்கும் சரக்கைப் பாருங்கள். பெருமாளுக்குத் தாகம் எடுத்தபோது கருடன் தண்ணீர் எடுக்கப் பறந்தானாம். அவன் வருவதற்குள் ஆதிசேஷன் வாலால் தரையில் அடித்துத் திருவந்திபுரத்தில் கிணறு உண்டாக்கிவிட்டானாம். கருடன் தாமதமாகக் கொண்டுவந்த தண்ணீர்தான் கெடிலம் ஆறு. அண்ணன் தம்பிப் போட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் கடல். ரியார்டனின் நாவல் வந்த வருடம் 2005. அதற்கு முந்தைய டிசம்பர் 26 அன்றுதான் சுனாமி கடலூர்க் கரையில் இருக்கும் தேவனாம்பட்டினத்துக்குள் புகுந்தது. தமிழ்நாட்டில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. கிரேக்கர்களுக்குக் கடலும் நிலநடுக்கமும் ஒரே கடவுளின் கையில். சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடி நிலம் குலுங்கி, அந்த அலை எங்கள் கரைக்கு வந்ததை நினைத்தால், அவர்கள் இரண்டையும் பொசைடனிடம் கொடுத்தது எனக்கு விளையாட்டாகப் படவில்லை. கல்லோடு கட்டிப் போட்ட அப்பரைக் கரையேற்றிவிட்டது என்று கரையேறவிட்ட குப்பத்தில் கதை சொல்கிறோமே, அதுவும் இதே கடல்தான். கடலரசனுக்குப் பிறந்த ஒரு பெண் சில்வர் பீச் மணலில் நின்றுகொண்டு, ‘அவரைத் தூக்கிவிட்டாய், எங்கள் தெருவை ஏன் கொண்டுபோனாய்?’ என்று அப்பாவைக் கேட்கட்டும். அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. எழுத உட்கார்கிறவர் கண்டுபிடிக்கட்டும்.

நாவலில் எனக்கு ஒப்பாத ஒன்றும் உண்டு. பெர்சிக்கு டிஸ்லெக்சியா. எழுத்துகள் கண்முன் மிதக்கின்றன. அவன் மூளை பழைய கிரேக்கத்துக்காக அமைந்தது, அதனால்தான் ஆங்கிலம் ஏறவில்லை என்கிறது கதை. ரியார்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இதே சிரமம் இருந்த தன் மகனுக்குத் தூங்கும்முன் சொன்ன கதை இது என்று தெரிந்தபின் கோபப்பட முடிவதில்லை. ஆனாலும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்குத் தெய்வப் பிறப்பு எதற்கு? சாதாரண அப்பாவுக்குப் பிறந்தாலும் அவன் மக்கு இல்லைதானே. இதை என் அக்கா மகனிடம் சொன்னேன். அவனும் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவன். “மாமா, கதைதானே, விடுங்க” என்றான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2010இல் வந்த படத்தைப் பிள்ளைகளுக்கு முதலில் காட்டாதீர்கள். அதில் பெர்சி ஏறக்குறைய கல்லூரிப் பையன் வயதில் இருக்கிறான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்பாவைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை அந்த வயதுக்காரன் கேட்டால் அது வேறு கதை ஆகிவிடுகிறது. 2023இல் தொடங்கிய தொடர் பரவாயில்லை, வயதையாவது மாற்றவில்லை. ஆனால் முதலில் புத்தகம். பாண்டி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள், கிடைத்தாலும் கிடைக்கும்.