பின்னம் தெரியாதவர்கள் இயற்பியல் படிக்கக் கூடாதாம்

நேற்றைய வழிகாட்டுதல் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பள்ளியில் கணிதம் இல்லாமல் வணிகவியல் படித்த பெண் எழுந்து, இயற்பியல் பட்டப்படிப்பில் சேரலாமா என்று கேட்டார். மேடையில் இருந்த பேராசிரியரின் பதில்: "முதலில் பின்னம் போடத் தெரியுமாம்மா?" அரங்கமே சிரித்தது. சரி, நகைச்சுவை, ரசித்தாயிற்று. ஆனால் தெரியாததைக் கற்றுக்கொள்ளத்தானே ஐயா படிக்க வருகிறார்கள்?

நானும் கணிதம் இல்லாமல் வேதியியலில் சேர்ந்த ஆள்தான். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் பற்றிய பாடத்தில் பலகையில் மடக்கை வந்தது. "மடக்கை என்றால் என்ன சார்?" என்று கேட்டேன். "இதுகூடத் தெரியாமல் எப்படி உள்ளே வந்தாய்?" என்றார். வகுப்பு முடிந்ததும் பக்கத்து பெஞ்சுக்காரன் சொல்லிக்கொடுத்தான். 10-ஐ எத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் இந்த எண் வரும், அவ்வளவுதான். 100-க்கு 2, 1000-க்கு 3. ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கைக்கு எதிர்க்குறி போட்டால் அதுதான் பிஎச். அதனால்தான் பிஎச் 1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்கு கூடுகிறது. இடைவேளை முடிவதற்குள் மடக்கை விளங்கிவிட்டது. சார் கேட்ட கேள்விதான் பட்டம் வாங்கும் வரை கூடவே வந்தது.

முதல் வருடத்தில் ஆளைச் சாய்ப்பது குவாண்டம் இல்லை. சூத்திரத்தை மாற்றி எழுதுவது, அடுக்குகள், அலகு மாற்றம். எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. மறுபடியும் சொல்கிறேன், கற்றுக்கொள்ளக்கூடியவை. வீடியோ பார்த்தால் போதாது, பேனா எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும், அது உண்மை.

மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். முறையான கணிதப் பயிற்சி அவருக்குக் கிடைக்கவே இல்லை. கம்பிச்சுருள் அருகே காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்ற மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டுபிடித்தார். அதைச் சமன்பாடுகளாக எழுத பின்னால் கணிதம் கைவந்த இயற்பியலாளர் மாக்ஸ்வெல் வந்தார். "எல்லாரும் ஃபாரடே ஆக முடியுமா?" என்று கிளம்புவீர்கள், தெரியும். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய நீங்கள் எல்லாரும் மாக்ஸ்வெல் ஆகிவிட்டீர்களா? 1990-இல் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற இயற்பியலாளர் எட்வர்ட் விட்டனின் முதல் பட்டம் வரலாற்றில். அவரிடமும் பின்னம் கேட்டிருப்பீர்களோ?

"தரம் என்ன ஆவது?" என்கிறார்கள். கடைசித் தேர்வு எல்லாருக்கும் ஒரே தேர்வுதானே! "இன்றைய இயற்பியலில் கணிதம் இல்லாமல் முடியாது" என்பது நியாயமான பேச்சு. அப்படியானால் சேர்வதற்கு முன், விட்டுப்போன கணிதத்தைச் சொல்லித்தரும் இணைப்பு வகுப்பு நடத்துங்கள். அதுவும் வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் நடத்துங்கள். அதைக் கேட்டால் ஆள் இல்லை, நிதி இல்லை. ஆனால் பாருங்கள், கட்டணம் வாங்கும்போது மட்டும் ஒருவரும் பின்னம் கேட்பதில்லை.