அன்றைக்குப் பதினொரு கிலோ

"இவ்வளவு அடர்ந்த காட்டுக்குள் எப்படித் தைரியமாகப் போகிறீர்கள்?" என்று என் படங்களைப் பார்த்து அடிக்கடி கேட்கிறீர்கள். நான் காட்டுக்குள் போவதே இல்லை. கோத்தகிரிக்குப் பக்கத்தில், சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை எடை போடும் கொட்டகையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து கொட்டகைக்கு இருபது நிமிட நடை. இங்கே நான் போட்டிருக்கும் படங்களில் முக்கால்வாசி அந்த இருபது நிமிடத்தில் எடுத்தவை. மிச்சம் வீட்டு வாசலில் எடுத்தவை. கேமராவும் பிரமாதமானதல்ல. கோயம்புத்தூரில் ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றதை வாங்கினேன். மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, அவற்றோடு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைக்கிறேன். வீட்டில் இதற்குப் பெயர் "உங்கள் ஊறுகாய் ஜாடி".

போன கார்த்திகையில் போட்ட காட்டுமாட்டுப் படம் பலருக்கு நினைவிருக்கும். பனிமூட்டம், பின்னால் கறுத்த சோலை, நடுவில் ஒற்றைக் காளை. முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை; மூக்கிலிருந்து ஆவி. (செய்தித்தாள்கள் காட்டெருமை என்று எழுதுகின்றன. எருமை வேறு, இது வேறு. சங்கப் பாடல்களில் ஆமா என்று வருவது இதுதான் என்பார்கள்.) நிறையப் பேர் பகிர்ந்தீர்கள். நானும் ஒரு வாரம் மிதப்பாகவே இருந்தேன்.

அடுத்த வாரம் இலைச் சாக்கை இறக்கிவைத்த ஓர் அக்கா, பேரனின் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினார்.

"இது எது தம்பி, முதுமலையா?"

"இல்லை அக்கா, பம்ப் ஹவுஸுக்கு மேலே இருக்கும் தோட்டம்தான்."

அவர் படத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். "அன்றைக்கு நாங்களும் அங்கேதானே நின்றோம். அது நகரட்டும் என்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தோமே. எங்களை என்ன செய்தாய்?"

வெட்டிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முழுப் படத்தில் வலது ஓரத்தில் மூன்று பெண்கள் குடையோடு நிற்கிறார்கள். இடது பக்கம் மின்கம்பமும் அதன் அடியில் நெகிழிப் பைகள் பிதுங்கும் குப்பைமேடும் இருக்கின்றன. கீழே முழுக்கத் தேயிலைச் செடிகள். எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டுத்தான் அந்த "அடர்ந்த காட்டை" உண்டாக்கியிருந்தேன். அன்று மாலை பேரேட்டைப் புரட்டினேன். இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாமல் பறிக்கிற அந்த அக்காவின் பெயருக்கு நேரே, என் கையெழுத்திலேயே, பதினொன்று என்று இருந்தது. கூலி கிலோ கணக்கில். காளை நின்ற நேரமெல்லாம் அவர்களுக்குக் காசு.

இதைப் பாவமன்னிப்புக்காக எழுதவில்லை. என்னைப் போலப் படம் எடுக்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கம்பியையும் கூரையையும் மனிதரையும் வெட்டிவிட்டு, விலங்கு என்றால் எங்கோ ஆளரவமற்ற காட்டில்தான் இருக்கும் என்று நாமே நம்பவைக்கிறோம். பிறகு அதே விலங்கு ரேஷன் கடைக்குப் பின்னால் நின்றால், "ஊருக்குள் புகுந்தது" என்கிறார்கள். எங்கிருந்து புகுந்தது? இந்த மேடுகளில் பெரும்பகுதி முன்பு புல்வெளியும் பள்ளத்தில் சோலையுமாக இருந்தவை. சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), தேயிலை என்று அவற்றை மாற்றியவர்கள் நாம். தேயிலையைக் காட்டுமாடு தின்பதில்லை. செடிகளுக்கு இடையில் முளைக்கும் புல்லுக்காக வருகிறது. 1986இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டது. அந்த வரைபடம் எந்த மாட்டுக்கும் தெரியாது.

வளர்ந்த காளை 1,000 கிலோவை நெருங்கும். அது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டி நின்றால், "நான் எவ்வளவு பெரியவன், பார்த்துக்கொள்" என்று எச்சரிக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் எடுக்க வாட்டமாக நிற்பதாக நினைத்துக் காரிலிருந்து இறங்குகிறார்கள். 2024இலிருந்து இ-பாஸ் வாங்கித்தான் மலையேற வேண்டும். அது வண்டிகளை எண்ணலாம்; இறங்குகிற கால்களை யார் எண்ணுவது?

வெட்டுவதைவிட மோசமான ஒன்றும் செய்திருக்கிறேன். வாசலில் தொங்கும் பெரணித் தொட்டியில் ஒரு பங்குனியில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. கன்னத்தில் சிவப்புப் பொட்டு வைத்த செம்மீசைச் சின்னான்தான். மூன்று முட்டை, இளஞ்சிவப்பில் செம்புள்ளிகள். இரண்டு பொரிந்தன. குஞ்சுகளின் வாய் தெரியவில்லை என்று, மறைத்துக்கொண்டிருந்த பெரணி இலையைத் துணி கிளிப்பால் ஓரமாகப் பிடித்துவைத்தேன். ஐந்து நிமிடம்தான் என்று நினைத்தேன். படம் அருமையாக வந்தது. அதைக் கணினியில் ஏற்றிப் பார்க்கும் சந்தோஷத்தில் கிளிப்பை மறந்துவிட்டேன். மறுநாள் காலை கூடு காலி. எதிர்க்கூரையில் காகம் உட்கார்ந்திருந்தது. தாய்க்குருவி வாயில் பச்சைப் புழுவோடு தொட்டிக்கும் கொடிக்கயிற்றுக்கும் மாறிமாறிப் பறந்துகொண்டிருந்தது. புழுவை அது விழுங்கவும் இல்லை, போடவும் இல்லை. நான் பார்த்தவரை பதினைந்து நிமிடம் அப்படியே இருந்தது.

அந்தப் படத்தையும் இங்கே போட்டேன். கதையை மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கூட்டுப் படம் எடுப்பதில்லை. சமவெளியிலிருந்து நண்பர்கள் வந்து, நீலகிரி மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத சிரிப்பான் பறவையைக் காட்டு என்பார்கள். கோத்தகிரிக்குப் பக்கத்திலிருக்கும் லாங்வுட் சோலை ஓரத்தில் காத்திருந்தால் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு அதுவே வரும். 116 ஹெக்டேர்தான் அந்தச் சோலை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்தது. ஆனால் காத்திருக்கப் பொறுமை எங்கே? கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாம் என்கிறார்கள். வேறொரு கூட்டம் தன் எல்லைக்குள் வந்துவிட்டதென்று பதறித்தான் அது ஓடிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மறுத்தால் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

"அழகு வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டார். வேண்டும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து நனையும் சின்னான்கள் எனக்கு அழகாகத்தான் தெரிகின்றன.

இந்தப் பதிவோடு அந்தக் காட்டுமாட்டின் முழுப் படத்தை வெட்டாமல் போட்டிருக்கிறேன். குப்பைமேடும் இருக்கிறது. நேற்றுக் கொட்டகையில் அக்காவிடம் காட்டினேன். காளையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது ஓரத்தை விரலால் பெரிதாக்கி, மூன்றாவதாக நின்றவரைச் சுட்டிக்காட்டினார்.

"அந்தப் பூப்போட்ட குடை என்னுடையது. தொலைந்துவிட்டது என்று கார்த்திகையிலிருந்து தேடுகிறேன். இவளிடமா இருக்கிறது?"