மிதக்கும் பந்து எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

கோல்ஃப் பந்தை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரே புள்ளி திரும்பத் திரும்ப மேலே வந்தால், எடை ஒரு பக்கம் சாய்ந்த "கோணல் பந்து" என்று தூக்கி எறிகிறார்கள். சோதனையில் குறை இல்லை, அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் குறை. கனமான பக்கம் எது என்று அது காட்டும். எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டுமானால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதைத்தான் பலர் செய்வதில்லை.

விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது தண்ணீரைவிட ஏறக்குறைய 1.13 மடங்கு அடர்த்தி. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 220 கிராம் உப்புப் போட்டுத் தொடங்கி, பந்தின் உச்சி லேசாக வெளியே தெரியும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடுங்கள். இல்லையென்றால் நீர்ப்பரப்பின் இழுவிசையே பந்தைப் பிடித்துக்கொள்ளும். டிம்பிள்களில், அதாவது பந்தின் மேலுள்ள சிறு குழிவுகளில், ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை விரலால் தேய்த்து நீக்காவிட்டால் மேலே வருவது பந்தின் லேசான பக்கம் அல்ல, குமிழி இருக்கும் பக்கம்.

மேலே நிற்கும் புள்ளியில் குறி வையுங்கள். குறியைப் பக்கவாட்டுக்குத் திருப்பி விட்டால் அது மேலேறி, மறுபக்கம் சாய்ந்து, திரும்பி வரும். இந்த ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 3 விநாடி ஆனால் எடைமையம் பந்தின் நடுவிலிருந்து 0.1 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. 10 விநாடி ஆனால் விலகல் 0.01 மில்லிமீட்டர்தான். இரண்டிலும் ஒரே புள்ளிதான் மேலே வரும், ஆனால் இரண்டும் ஒரே பந்து அல்ல.

ஸ்டிம்ப் அளவு (பந்து எவ்வளவு தடையின்றி உருளும் என்பதன் அளவு) 10 உள்ள சமதளக் கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை), குழியருகே நின்றுவிடும் வேகத்தில் 3 மீட்டர் பட் (பந்தைத் தரையோடு உருட்டும் அடி) அடிப்பதாகக் கணக்குப் போடுவோம். கனமான பக்கம் சரியாகப் பக்கவாட்டில் இருந்தால் 0.1 மில்லிமீட்டர் பந்து ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் விலகும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், ஆக அது தப்பிவிடும். 0.01 மில்லிமீட்டர் பந்து விலகுவது 9 மில்லிமீட்டர். பட் அடிக்கும் மட்டையான பட்டரின் முகம் 1 டிகிரி திரும்பினாலே அதே தூரத்தில் 5 சென்டிமீட்டர் போய்விடும் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

வளைவு வழி நெடுகச் சமமாக வராது. வேகம் பாதியானால் வளைவு நான்கு மடங்கு. அதனால்தான் நேராக வந்த பந்து கடைசி முழத்தில் முகம் திருப்புகிறது, பழி கிரீன்மேல் விழுகிறது. குழியை 45 சென்டிமீட்டர் தாண்டும் வேகத்தில் அடித்தால் அந்த 9 சென்டிமீட்டர் 6 ஆகச் சுருங்கும்.

இவ்வளவு கணக்கும் கனம் பக்கவாட்டில் இருந்தால்தான். அது உருளும் தளத்திலேயே இருந்தால் பந்தின் வேகம் இம்மியளவு ஏறி இறங்கும், திசை மாறாது. எனவே குறி வைத்த புள்ளி வழியாகப் பந்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டை பட் போகும் திசையில் நிறுத்தினால் கோணல் பந்தும் ஒழுங்காக உருளும். கிரீனில் இடத்தைக் குறித்துப் பந்தை எடுத்துத் துடைக்கவும், அதே இடத்தில் விரும்பியபடி திருப்பி வைக்கவும் விதி இடம் தருகிறது. ஆனால் ஒரு குழிக்கான ஆட்டத்தின் நடுவே, சமநிலை சரியில்லை என்பதற்காக வேறு பந்துக்கு மாற முடியாது. வெட்டுப்பட்டாலோ விரிசல் விட்டாலோதான் முடியும், வெறும் கீறல் போதாது.

கோணல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பந்தின் உள்ளிருக்கும் ரப்பர் உருண்டையான கோர் நடுவில் உட்காராததால், அல்லது ரப்பரோடு கலக்கும் கனமான தூள் சீராகப் பரவாததால். கோர் 0.2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் எடைமையமும் அவ்வளவு தள்ளிப்போகும் என்று நினைக்க வேண்டாம். அதை மூடியிருக்கும் மேலுறையான கவருக்கும் எடை உண்டு. இரண்டுக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம் மட்டுமே கணக்கில் வரும், அதனால் விலகல் அதில் ஒரு சிறு பங்குதான். ரப்பர் நூல் சுற்றிய பழைய பந்துகளின் நிலைமை இதைவிட மோசம்.

ஒரு மீட்டர் பட்டில் வேறு ஒரு விஷயம் இருக்கிறது. மெதுவாகத் தட்டும்போது பந்து அதிகம் நசுங்காது, பட்டர் முகம் தொடும் இடம் மிகச் சிறியது. அது டிம்பிளின் விளிம்பில் விழுந்தால் பந்து கிளம்பும் திசையே சற்று மாறும். மென்மையான கவரில் இது குறைவு. குட்டை பட்டுக்கு என்று பந்து தேர்ந்தெடுப்பவர்கள் உப்பைத் தேடும் முன் கவரைப் பார்க்கலாம்.