தேதி போடாத ராஜினாமா

"ஒரு சர்வாதிகாரி வந்தாத்தான் இந்த நாடு உருப்படும். எமர்ஜென்சில ரயிலெல்லாம் டயத்துக்கு வந்துச்சு."

சென்னை டீக்கடைகளில் அரை நூற்றாண்டாக ஓடும் வசனம். சொல்பவரைத் திட்டிப் பயனில்லை. கட்டாயக் கருத்தடையும் குடிசை இடிப்பும் வடக்கை உலுக்கிய அளவுக்கு இங்கே உலுக்கவில்லை. 1977 மக்களவைத் தேர்தலில் வட மாநிலங்களில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட, தமிழ்நாட்டில் அதிமுக-காங்கிரஸ் அணிக்கு 39இல் 34. அடி யார் மேல் விழுகிறது என்பதை ஆட்சி பார்த்துக்கொண்டால் போதும். மிச்சப் பேர் ரயில் நேரத்தைப் பாராட்டுவார்கள்.

ஆனால் மக்களைச் சமாளிப்பது இரண்டாவது வேலை. சர்வாதிகாரியின் முதல் பயம் பக்கத்து நாற்காலிக்காரர்தான். 1946 முதல் 2008 வரை சட்டப்படியல்லாத வழியில் பதவி பறிபோன 303 சர்வாதிகாரிகளை மிலன் ஸ்வோலிக் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தார். 205 பேரைக் கவிழ்த்தது கூடவே இருந்தவர்கள். மக்கள் எழுச்சியால் போனவர்கள் பத்தில் ஒரு பங்கு சொச்சம். அதனால்தான் ராணுவத்துக்குப் போட்டியாக இன்னொரு படை. இராக்கின் சதாம் உசேன் குடியரசுக் காவல்படை வைத்தார்; அதன் மேலும் நம்பிக்கை போதாமல் சிறப்புக் குடியரசுக் காவல்படை.

ஜெயிக்கப்போவது தெரிந்தும் தேர்தல் நடத்துவது எதற்கு? எதிர்த்து நின்றால் ஆள் சேராது என்று அந்தப் பக்கத்து நாற்காலிக்குக் காட்டத்தான். வேலையும் வாக்குப்பதிவுக்கு முன்பே முடிந்துவிடும். ரஷ்ய அதிபர் தேர்தலில் நிற்க, நாடாளுமன்றத்தில் இடமில்லாத கட்சியின் வேட்பாளர் 1 லட்சம் கையெழுத்து காட்ட வேண்டும், சுயேச்சை என்றால் 3 லட்சம். 5 சதவீதத்துக்கு மேல் செல்லாதவை இருந்தால் மனு தள்ளுபடி. 2024இல் உக்ரைன் போரை எதிர்த்துப் பேசிய நதேஜ்தின் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார். புடினுக்கு 87 சதவீதம்.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிட நுணுக்கமான ஒன்று நடந்தது. இலங்கை, 1982. முந்தைய தேர்தலில், 1977இல், ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் கட்சிக்கு 168இல் 140 இடம், அதாவது ஆறில் ஐந்து பங்கு. அக்டோபரில் அவர் மறுபடி ஜனாதிபதியானார், 52.9 சதவீத வாக்கில். சிக்கல் அங்கேதான். அவரே கொண்டுவந்த விகிதாசார முறையில் நாடாளுமன்றத் தேர்தல் வைத்தால், அதே வாக்குக்குப் பாதிச் சொச்சம் இடம்தான் தேறும். அரசியலமைப்பை நினைத்தபோது திருத்தும் பலம் போய்விடும். எனவே தேர்தலே வேண்டாம், இருக்கிற நாடாளுமன்றம் இன்னும் 6 ஆண்டு தொடரட்டும் என்று டிசம்பர் 22இல் பொதுவாக்கெடுப்பு. ஆமாம் என்றால் விளக்குச் சின்னம், இல்லை என்றால் குடம். விளக்குக்கு 54.66 சதவீதம். சொந்தக் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டார் ஜே.ஆர். மக்களிடம் சம்மதம் வாங்குவதற்கு முன்பே உள்வட்டத்தின் குடுமி கைக்கு வந்துவிட்டது. அவரைச் சர்வாதிகாரி என்று சொல்லலாமா என்று தாராளமாகச் சண்டை போடலாம், கைப்பக்குவம் அதுதான். விலை? அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 1989இல். இடையில் 1983 ஜூலை, தமிழர்களுக்கு எதிரான கலவரம். தமிழர்களின் கோபம் வாக்குச்சீட்டில் பதிவாக வழியே இல்லாமல் போன ஆண்டுகள் அவை.

வாயை அடைத்தால் காதும் அடைபடும் என்பதுதான் இந்த ஆட்சிகளின் தீராத வியாதி. 2002 அக்டோபரில் சதாமுக்கு 100 சதவீத ஆதரவு என்று அறிவித்தார்கள். அடுத்த ஏப்ரலில் பாக்தாத்தில் சிலை விழுந்தது. அடைப்பும் முழுசாக நிற்பதில்லை. இங்கே எமர்ஜென்சியின்போது, 1976 பிப்ரவரியில், கைதான திமுகவினரின் பெயரைப் போடத் தணிக்கை விடவில்லை. அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் பட்டியல் என்று திமுக ஏடான முரசொலி அச்சிட்டது. ஊருக்கே புரிந்தது.

சீனா இதைப் புரிந்துகொண்டு இணையத்தில் வேறு மாதிரி செய்கிறது. உள்ளூர் அதிகாரியைத் திட்டும் பதிவு பெரும்பாலும் தப்பும். தெருவில் ஒன்றுகூடச் சொல்லும் பதிவு நீக்கப்படும். திட்டுவது பெய்ஜிங்குக்கு இலவசப் புகார்ப்பெட்டி. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கெட்ட செய்தி மேலே போனால் உள்ளூர் அதிகாரியின் பதவி உயர்வு போய்விடும், அதனால் அவர் தன் மட்டத்திலேயே அமுக்குவார். வூஹானில் புதுக் காய்ச்சலைப் பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்த லி வென்லியாங்கை 2020 ஜனவரி 3 அன்று போலீஸ் கூப்பிட்டு, வதந்தி பரப்பியதாகக் கண்டிக்கும் கடிதத்தில் கையெழுத்து வாங்கியது. பிப்ரவரியில் அதே நோயில் அவர் இறந்தார். அந்தக் கடிதத்தை ரத்து செய்து குடும்பத்திடம் போலீஸ் மன்னிப்புக் கேட்டது மார்ச்சில்.