கேலரிக்காரர்களே, விலையை எழுதி வையுங்கள்

ஜவுளிக்கடையில் நாற்பதாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவையை விரித்துப் போடச் சொல்லி, தொட்டுப் பார்த்து, "வேற பார்டர் காட்டுங்க" என்று கேட்க நாம் யாரும் தயங்குவதில்லை. அதே ஆட்கள் ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சுற்று சுற்றிவிட்டு, யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் வெளியே வந்துவிடுகிறோம். நமக்குக் கலை புரியாது, அதனால்தான் என்று சிலர் சொல்வார்கள். நான் நம்பவில்லை. விலை தெரியாததுதான் காரணம். படத்துக்குப் பக்கத்தில் தலைப்பு இருக்கும், அளவு இருக்கும், வருடம் இருக்கும், விலை மட்டும் இருக்காது. கேட்டால் மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து, நம் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் ஒரு தொகை சொல்வார்கள். நகரத்தின் நடுவே ஒரு கூடத்தில் எனக்கே இது நடந்தது. பெயர் வேண்டாம்.

சென்னை ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கம் பக்கம் போகிறவர்களுக்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தெரிந்திருக்கும். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியில் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து உண்டாக்கியது. படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று தெரிந்தே தொடங்கினார்கள். அதனால் மெழுகு வைத்துச் சாயம் போடும் பத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்தக் காசுதான் பக்கபலம். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய பொருளைச் செய்வது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை. இன்றைக்குப் பல கூடங்களில் அச்சு ஓவியங்களை, அதாவது கலைஞரே தகட்டிலோ கட்டையிலோ செதுக்கித் தாளில் அச்சாக எடுக்கும் படங்களை, மூலையில், கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டுகிறார்களே, அவர்களுக்கு இதை நினைவுபடுத்த வேண்டும்.

நான் சேர்ப்பது இந்த மூலைப் படங்களைத்தான். வசதி இல்லாததால் தொடங்கியது. இப்போது வசதி வந்தாலும் விடுவேனா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரிஜினலா, பிரிண்டா?" அச்சு ஓவியத்தில் இந்தக் கேள்வியே பொருந்தாது. எங்கோ ஒரு கேன்வாஸ் இருந்து, அதைப் படம் பிடித்து அடித்தது இல்லை இது. கலைஞர் செப்புத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மையைத் தேய்த்து, துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்து உருளையில் அழுத்தி எடுக்கிறார். தாளில் பதிவதற்கு முன் அந்தப் படம் முழுமையாக எங்கும் இல்லை. பதினைந்து தாள் எடுத்தால் பதினைந்தும் ஒரிஜினல்தான். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் 4/15 மாதிரி எழுதியிருக்கும். மொத்தம் பதினைந்து, இது நாலாவது என்று கணக்கு. ஏ/பி என்று இருந்தால் கலைஞர் தனக்கென்று எடுத்து வைத்த படி. உழைப்பு பதினைந்து பேருக்குப் பங்காவதால் ஒருவர் தலையில் விழும் விலை குறைகிறது, அவ்வளவுதான்.

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஒரு பெண்ணின் லினோகட், அதாவது லினோலியத்தில் செதுக்கி எடுத்த அச்சு, என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அறுவடை முடிந்த வயல், நாலு நிறம். "ஒரே கட்டைதான் சார். ஒரு கலர் போட்டதும் அதையே இன்னும் கொஞ்சம் செதுக்கி அடுத்த கலர் போடணும். முடியறப்ப கட்டைல ஒண்ணுமே மிச்சம் இருக்காது" என்றார். அதாவது, நாளைக்கு யாராவது ஒரு லட்சம் கொடுத்தாலும் இன்னொரு தாளை அவராலேயே எடுக்க முடியாது. விலை இரண்டாயிரத்து ஐந்நூறு. குடும்பத்தோடு ஒரு மாலை மல்டிபிளெக்ஸ் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் ஆகிற செலவு.

இந்தக் கலையில் நம் பக்கத்து ஆட்கள் சாதாரணமானவர்களும் இல்லை. சித்தூர் மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, நாற்பதுகளின் கடைசியில் நம்ம கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பிறகு பாரிஸ் போய், ஹெய்டர் என்ற அச்சுக் கலைஞர் நடத்திய அட்லியே 17 அச்சுக்கூடத்தில், ஒரே தகட்டிலிருந்து பல நிறங்களை ஒரே அழுத்தில் எடுக்கும் முறையை வளர்த்தெடுத்தார். மையில் எண்ணெய் கூடக் குறையச் சேர்த்தால் ஒன்று மற்றொன்றோடு ஒட்டாது. மெத்தென்ற உருளை பள்ளம் வரை மையைக் கொண்டுபோகும், கெட்டி உருளை மேட்டில் மட்டும் தடவும். இந்த எளிய உண்மையை வைத்து அவர் செய்தது உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. தேவகோட்டை ஆர்.எம். பழனியப்பனும் அச்சு ஓவியத்தால்தான் பெயர் பெற்றவர். சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கலைஞர்கள் வேலை செய்ய அச்சுக்கூடமே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த வாசலைத் தாண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்வந்திருக்கிறோம்!

தமிழர்கள் சுவரில் படம் மாட்டாதவர்கள் என்று சொன்னால் சண்டைக்கு வருவேன். 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் போட்டதிலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். அப்புறம் நம்ம கோவில்பட்டி கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். அவரும் சீடர்களும் வரைந்த முருகனையும் மீனாட்சி கல்யாணத்தையும் சிவகாசி அடித்துத் தள்ளியது. தை பிறந்தால் மளிகைக்கடை அண்ணாச்சி அதைக் காலண்டராகச் சும்மா கொடுப்பார். தேதி கிழித்து முடிந்ததும் பாட்டி படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போடுவார். படத்தோடு வாழ்ந்து பழகிய வீடுகள் நம்முடையவை. இடையில் வந்த ஃபிளாட்டுகளில்தான் டிவிக்குப் பின்னால் வால்பேப்பர் ஒட்டி முடித்துக்கொண்டோம்.

இப்போது கோபப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பெரிய கேன்வாஸ் ஒன்றை ஸ்கேன் செய்து, நல்ல பருத்தித் தாளில் இங்க்ஜெட்டில் அடித்து, அடியில் 12/50 என்று பென்சிலில் எழுதி, பதினெட்டாயிரம் சொல்கிறார்கள். இங்க்ஜெட் மேல் எனக்குப் பகை இல்லை. பிடித்த படத்தின் நல்ல பிரதி வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம், அதற்குரிய விலைக்கு. கையால் அச்சிட்ட தாளின் வேஷத்தைப் போட்டு விற்பதுதான் அயோக்கியத்தனம். போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். இங்க்ஜெட் என்றால் பொடிப்பொடியாகத் தெளித்த மாதிரி தெரியும். தகட்டில் எடுத்த அச்சு என்றால் சாய்த்துப் பார்க்கையில் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் சதுரமாகத் தெரியும். எந்த முறை, மொத்தம் எத்தனை தாள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

"நாளைக்கு விலை ஏறுமா?" என்று கேட்கிறவர்களுக்கு, எஃப்.டி. போடுங்கள் என்பேன். மறுவிற்பனையை நினைத்து இதில் இறங்க வேண்டாம்.

சட்டம் போடுவது தனிக்கதை. சில சமயம் படத்தைவிடச் சட்டத்துக்குக் கூட ஆகும். சாமி படம் போடுகிற கடையில் கொடுத்தால், பழக்கதோஷத்தில் ஓரத்தை வெட்டி, ஹார்ட்போர்டில் ஃபெவிகால் போட்டு ஒட்டிவிடுவார்கள். கையெழுத்தும் எண்ணும் குப்பைக்குப் போய்விடும். கூடவே நின்று சொல்லுங்கள்: வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, கண்ணாடி தாளில் படாமல் நடுவில் மவுண்ட் இருக்க வேண்டும், அது அமிலம் இல்லாத அட்டையாக இருக்க வேண்டும். வெயில் நேராக விழும் சுவர் ஆகாது. மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை கழற்றிப் பின்பக்கம் பூஞ்சை இருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தப் பதிவை ஏதாவது கேலரிக்காரர் படித்தால், கேட்பது மூன்று வரி அட்டைதான். எந்த முறையில் எடுத்தது, எத்தனை தாள், என்ன விலை. பெரிய எழுத்தில். என் அம்மா கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு.