ரின்னில் இருக்கிற படம்

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மொட்டை மாடி. மகேஸ் டீச்சரின் பூச்சாடிகளுக்கு நடுவே ரவி நிற்கிறார். கையில் பூச்சி மருந்து ரின்.

ரவி: டீச்சர், உங்கள் கறிவேப்பிலையில் காகம் எச்சம் போட்டிருந்தது. துடைக்கப் போனேன். எச்சம் கொம்பு நீட்டியது!

டீச்சர்: என்ன நிறக் கொம்பு?

ரவி: சிவப்பு. இரட்டைக் கொம்பு. நாற்றம் வேறு.

டீச்சர்: அது காகத்தின் வேலை இல்லைத் தம்பி. வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது குருவி கொத்தாமல் தப்ப எச்சம் மாதிரியே கிடக்கும். வளர்ந்தபின் இலைப்பச்சை. யாராவது தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பை நீட்டி நாறும். அதற்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான்.

ரவி: நான் பயந்துபோய் அரை ரின்னை அடித்துவிட்டேன்.

டீச்சர்: ரின்னில் என்ன படம் போட்டிருக்கிறது?

ரவி: கரப்பொத்தான், நுளம்பு, இலையான்.

டீச்சர்: புழு?

ரவி: பூச்சி என்றால் பூச்சிதானே டீச்சர்! உடம்பில் பட்டால் கடிக்காதா?

டீச்சர்: உடம்பில் மயிரோ முள்ளோ இருக்கிற புழுவில் சிலது பட்டால்தான் கடிக்கும். இது மொட்டை.

ரவி: அதை விடுங்கள். கறுப்புச் செட்டையில் வெள்ளைப் புள்ளி வரிசை போட்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று முந்தி இங்கே வரும். மகள் போனில் படம் எடுப்பாள். இப்போது ஒன்றையும் காணோம். காலி வீதிப் புகையாக இருக்கும், என்ன?

டீச்சர்: ஓம், புகைதான். உம்முடைய ரின்னிலிருந்து வருகிற புகை.

ரவி: அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

டீச்சர்: அதன் பிள்ளையைத்தான் நீர் இப்போது எச்சம் என்று துடைத்தீர்.

ரவி: (சற்று யோசித்து) நான் நேற்றும் அடித்தேன் டீச்சர்.

டீச்சர்: நேற்றிரவு உங்கள் வீட்டில் சொதி மணத்ததே. கறிவேப்பிலை எங்கே எடுத்தீர்?

ரவி: இதில்தான். இரண்டு நெட்டு.

டீச்சர்: மருந்து அடிக்க முந்தியா, பிந்தியா?

ரவி: ...

டீச்சர்: ரின்னில் சொதிப் படம் இருக்கிறதா என்று ஒருமுறை பாரும்.

ரவி: சும்மா பயமுறுத்தாதீர்கள். இந்தச் செவ்வரத்தையை வந்து பாருங்கள். எவ்வளவு எறும்பு! மரத்தையே தின்கிறது.

டீச்சர்: எறும்பு மரத்தைத் தின்னவில்லை. தண்டில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறதே, அது மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பு நீரைக் கழிக்கும். எறும்பு அதை நக்க வருகிறது. காவலும் இருக்கும்.

ரவி: அப்படியென்றால் வெள்ளையாக இருக்கிறதெல்லாவற்றுக்கும் ஒரு அடி.

டீச்சர்: பொறும்! மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டு ஒன்றும் இருக்கிறது. அதன் குட்டியும் வெள்ளைமாவு பூசிக்கொண்டுதான் திரியும். மாவுப்பூச்சி கிடந்த இடத்தில் கிடக்கும். குட்டி கொஞ்சம் பெரிது, ஓடித் திரியும்.

ரவி: ஓடியதை நான் முதலில் அடித்துவிட்டேன். தப்பி ஓடுகிறது என்று நினைத்தேன்.

டீச்சர்: பந்திக்கு வந்தவனை அடித்துவிட்டுச் சோற்றை மூடி வைத்திருக்கிறீர். மூலையில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்ததே?

ரவி: ஆறு காலுள்ள எதையும் நான் விடுவதில்லை.

டீச்சர்: சிலந்திக்கு எட்டு. நுளம்பைப் பிடித்துத் தின்கிறது அது. அதை நுளம்பு மருந்தால் கொன்ற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்.

(இப்படி ஒருவர் எல்லாத் தொடர்மாடியிலும் இருக்கிறார். காலில் வெள்ளை வளையம் போட்ட நுளம்பு காதோரம் பாடினால் கையால் விசிறிவிட்டு, ஒரு குற்றமும் செய்யாத வண்டைத் துரத்திக்கொண்டு நாலு மாடி ஏறுவார்.)

டீச்சர்: சரி, உங்கள் பல்கனியில் சாடிகளுக்குக் கீழே தட்டு வைத்திருக்கிறீர்களே. தண்ணீர் நிற்கிறது, பார்த்தீரா?

ரவி: அதில் மீன்குஞ்சு இருக்கிறது டீச்சர்! மகன் பாண் துண்டு போடுகிறான்.

டீச்சர்: தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நிழல் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்குகிற மீனா?

ரவி: அதேதான்! என்ன வகை மீன்?

டீச்சர்: உம்முடைய ரின்னில் நடுவில் இருக்கிற படம்.

ரவி: (ரின்னைத் திருப்பிப் பார்த்து) இதற்குச் செட்டை இருக்கிறதே.

டீச்சர்: ஒரு கிழமை, பத்து நாள் பொறும். முளைத்துவிடும்.

ரவி: நான் ஒவ்வொரு இரவும் படுக்க முந்தி அறைக்குள் மருந்து அடிக்கிறேன்!

டீச்சர்: டெங்கு நுளம்பு காலையிலும் பின்னேரமும்தான் கூடக் கடிக்கும். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. உம்மைப் போல எத்தனை பேர் அன்றைக்கும் பாண் போட்டார்களோ.

ரவி: எங்கள் வீட்டில் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒரு குறையும் பிடிக்கவில்லையே.

டீச்சர்: பிடிப்பாரா? அவர் கேட்டுக்குள் வந்த செய்தி லிஃப்ட்டைவிட வேகமாக மேலே ஏறுகிறது. உடனே தட்டெல்லாம் கட்டிலுக்குக் கீழே போகிறது. அவர் போனதும் திரும்பிப் பல்கனிக்கு வருகிறது. நுளம்புக்கு உள்ளூர்ச் சுற்றுலா.

ரவி: சரி சரி, இப்போதே போய்க் கொட்டிவிடுகிறேன்.

டீச்சர்: கொட்டினால் மட்டும் போதாது. தட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவும். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

(ரவி இறங்கி ஓடுகிறார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பல்கனியிலிருந்து குரல் வருகிறது.)

ரவி: டீச்சர், ஊற்றியாயிற்று! ஒரு சொட்டு மிச்சமில்லை!

டீச்சர்: (எட்டிப் பார்த்து) எங்கே ஊற்றினீர்?

ரவி: கீழ்வீட்டுக்காரர் ஏ.சி. தண்ணீர் பிடிக்க ஒரு வாளி வைத்திருக்கிறார், அதற்குள்.

டீச்சர்: தம்பி!

ரவி: பயப்படாதீர்கள் டீச்சர். பீ.எச்.ஐ. வந்தால் அது அவருடைய வாளிதானே.