துடிப்பை அளக்கிறது சரி, கலோரியை எங்கே அளக்கிறது?

உடற்பயிற்சியில் எவ்வளவு செலவானது என்று ஸ்மார்ட் கைக்கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கை நம்பி நம்பி எனக்கு வெறுத்துவிட்டது. அது இதயத் துடிப்பை அளக்கிறது, அதை ஓரளவு ஒழுங்காகவே செய்கிறது. ஆனால் கலோரியை அது அளப்பதே இல்லை, வயது, எடை, பாலினம், துடிப்பு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது, அந்த ஊகத்தைப் போய் 412 என்று கடைசி இலக்கம் வரை காட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் சுமார் 5 கிலோகலோரி (நாம் பேச்சில் கலோரி என்பது இதைத்தான்) செலவாகும். சீராக ஓடும்போது துடிப்பும் ஆக்சிஜனும் ஏறக்குறைய சேர்ந்தே ஏறும், அங்கே கணக்கு கொஞ்சம் ஒத்துவரும். எடை தூக்கும்போது? தம் கட்டுகிறோம், துடிப்பு எகிறுகிறது, ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. வெயில், காபி, பதற்றம், உடம்பில் தண்ணீர் குறைவது, எல்லாமே துடிப்பைக் கூட்டும், அதற்காகக் கொழுப்பு கரைந்துவிடுமா?

2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். கலோரி விஷயத்தில் இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அப்புறம், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியும் பல நேரம் அந்தக் கணக்கில் சேர்ந்தே வருகிறது. மாதக்கணக்கில் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அவ்வளவுக்கும் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, எடை ஏன் இறங்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'தோராயமாக' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?